ஒத்திகை இல்லாத நாடகம்

ஏப்ரல் 8, 2025 – செவ்வாய்

லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறி ஒரு மாதம் ஆகிறது. சக்கம்பட்டித் தறிக்கூடங்களில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. மார்ச் 8 அன்று ராயல் பில்ஹார்மோனிக் கலைஞர்கள் வாசித்ததை எங்கள் டீக்கடையில் முழுசாகக் கேட்டவர் ஒருவரும் கிடையாது. பண்ணைப்புரத்துக்காரர் அங்கே போய் நின்றார் என்பதே போதும். 1984-ல் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆரை, பிரசாரத்துக்கு வராமலேயே ஜெயிக்க வைத்த ஆண்டிபட்டி இது. கேட்காமலே சிம்பொனியைக் கொண்டாடுவதில் என்ன ஆச்சரியம்?

அக்கா மகன்தான் கொளுத்திப் போட்டான். "எல்லாக் காலத்துக்கும் சேத்து, அடுத்து வந்தவங்களை ரொம்பப் பாதிச்ச இசைக்காரர் யாரு மாமா?" கேட்ட கையோடு அவனே பதிலும் சொன்னான்: ரஹ்மானாம். ஆண்டிபட்டியில் நின்றுகொண்டு சொல்கிற பேரா அது! 2009-ல் வாங்கிய இரண்டு ஆஸ்கர்களை அவன் நீட்ட, "சின்ன வயசுல ராஜாகிட்ட கீபோர்டு வாசிச்ச பையன்தானப்பா" என்று ஒரு பெரியவர் மடக்கினார். டீ மாஸ்டர் எம்.எஸ்.வி. கட்சி. கிளாஸ் கழுவுகிற சத்தத்தோடு கூட்டம் கலைந்தது.

ஏப்ரல் 9 – புதன்

ராத்திரி ஷிப்டில் தறிச் சத்தத்துக்கு மேலே ஸ்பீக்கர் அலறியது. எண்பதுகளின் ராஜா. 1976-ல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் காதுகளுக்கு வேறு உணவில்லை. ஆனாலும் கேள்வி அது இல்லையே. பெரியவர் யார், பிடித்தவர் யார் என்பதெல்லாம் வேறு. யாரை எடுத்துவிட்டால் பின்னால் வந்தவர்கள் நிற்க இடமில்லாமல் போவார்கள்? அதுதான் கேள்வி. ராஜாவே 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் காணிக்கை ஆக்கினார். அவருக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று அவரே காட்டிவிட்டார்.

எதிர்வீட்டுப் பாட்டு டீச்சரிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "புரந்தரதாசர். இன்னிக்கும் எந்தக் குழந்தை பாட்டுக்கு வந்தாலும் மாயாமாளவகௌளையில சரளி வரிசைதான் முதல். அது அவர் போட்ட வழின்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க." நல்ல பதில். ஆனால் தறிக்கூடத்தில் சரளி வரிசை படித்தவர் யார்?

ஏப்ரல் 12 – சனி

நேற்று பங்குனி உத்திரம். கண்டமனூர் பக்கம் ஒரு கிராமத்தில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம். கண் எரிகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ராஜபார்ட் புதுக்கோட்டை, வள்ளி மதுரை, நாரதர் வேறு ஊர், ஆர்மோனியம் திண்டுக்கல். நோட்டீஸில் போட்டோ போட்ட நாலு பேரும் நேற்றுச் சாயங்காலம் மேக்கப் போடும்போதுதான் ஒருவரையொருவர் பார்த்தார்களாம். ஒத்திகை கிடையாது. ஸ்பெஷல் நாடகம் என்றாலே அப்படித்தான். பத்து மணிக்கு மேல் பபூன் வந்தார், டான்ஸ் வந்தது. நடுச்சாமம் தாண்டி வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம். அவர் ஒரு ராகத்தில் கேட்க, அவள் அதே ராகத்தில் மடக்க, ஆர்மோனியக்காரர் பின்பாட்டில் இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். எங்கே நிறுத்துவது, எங்கே விருத்தம் இழுப்பது, எந்த இடத்தில் மிருதங்கம் அடங்க வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. முருகன் வேடனாகக் காட்டுக்குள் வரும் பாட்டுக்கு, தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

விடிந்ததும் ஆர்மோனியக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அதே கேள்வியைக் கேட்டேன். பெட்டியை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "வேற யாருங்க தம்பி, சாமிதான்." சாமி என்றால் இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள். "பேர் தெரியாத ஊர்ல, முகம் தெரியாத ஆளோட உக்காந்து விடிய விடிய வாசிக்கிறேன். அவரு எழுதி வச்சதை நாங்க எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருக்கோம். இல்லேன்னா முடியுமா?"

ஜாஸ் வாசிப்பவர்களும் இப்படித்தான் என்று கேள்வி. பொதுவான சில பாட்டுகள் தெரிந்தால் போதும், முன்பின் தெரியாதவர்கள் மேடையேறிவிடுவார்களாம்.

ஏப்ரல் 13 – ஞாயிறு

லீவு. யோசிக்க நேரம் கிடைத்தது. சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, 1918-ல் மதுரையில் சிறுவர் நாடகக் குழு தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் வளர்ந்தவர்கள், பி.யு. சின்னப்பாவும் அங்கே இருந்தவர். வள்ளி திருமணத்தைக் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஊர் ஊராகப் பாடினார்கள். கிட்டப்பா 1933-ல் 27 வயதில் போய்விட்டார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தவர் சோழவந்தான் பக்கத்துத் தென்கரை டி.ஆர். மகாலிங்கம். 1945-ல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் அவர் பாடியபோது நாடகக் கொட்டகை அப்படியே தியேட்டருக்குள் வந்துவிட்டது. பேச ஆரம்பித்த தமிழ் சினிமா, பாட்டுக்கும் நடிகருக்கும் கைநீட்டிய இடம் இந்த மேடைதான்.

ஆர்மோனியமும் அப்படியே. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை உள்ளே விடவில்லை. அந்த வருஷங்களிலும் நாடக மேடையில் பெட்டி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் தம்பிகளோடு பாடியதும் அந்தப் பெட்டியை வைத்துத்தான். அதில் ஒரு தம்பிதான் லண்டன் போனவர்.

ஏப்ரல் 14 – திங்கள், சித்திரை 1

டீக்கடையில் என் கட்சியைச் சொன்னேன். அக்கா மகன் விடவில்லை. "அவரு வாத்தியாரு மாமா, மியூசிக் டைரக்டர் இல்ல. மெட்டெல்லாம் கர்நாடகத்துலயும் பார்சி நாடகத்துலயும் எடுத்ததுதானே?" எடுத்ததுதான், மறுக்கவில்லை. மெட்டைப் பெற்றவரைக் கேட்டிருந்தால் வேறு பேர் சொல்லியிருப்பேன். அவன் கேட்டது பாதித்தவரை. டீ மாஸ்டர் இன்னமும் எம்.எஸ்.வி. கட்சிதான்.

உலகத்துக்கெல்லாம் சேர்த்துத் தீர்ப்பு எழுத நான் யார்? ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இந்தப் பக்கம், கம்பம் வரைக்கும், ராஜாவை நெஞ்சில் வைத்துக்கொண்டே என் ஓட்டைச் சங்கரதாஸ் சுவாமிகளுக்குப் போடுகிறேன். 1922 நவம்பர் 13 அன்று அவர் புதுச்சேரியில் காலமானார். சமாதியும் அங்கேதான் இருக்கிறது.