கீழ்த்தட்டுப் புட்டிகள்

அமெரிக்க மதுக்கடைகளில் விஸ்கி அடுக்கப்படுவதில் ஒரு படிநிலை உண்டு. விலையுயர்ந்தவை கண்மட்டத்திலும் அதற்கு மேலும் இருக்கும். குனிந்தால் மட்டுமே தெரியும் கீழ்த்தட்டில் இருபது டாலரையொட்டிய பர்பன்கள் நிற்கும். சில பிளாஸ்டிக் புட்டிகளிலேயே. கென்டக்கியின் லூயிவில் நகரில் வாழும் இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் குனிந்து நின்றது அந்தத் தட்டின் முன்புதான். சிக்கனம் ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, இளம் விஸ்கிக்கு ஒளிந்துகொள்ள இடம் குறைவு என்பது. பன்னிரண்டு ஆண்டுகள் பீப்பாயில் கிடந்ததைக் குடிக்கும்போது பெரும்பாலும் மரத்தைத்தான் ருசிக்கிறோம். மூன்றாண்டு, நான்காண்டுச் சரக்கில் தானியமும் நொதியும் வடித்தவரின் கையும் இன்னும் தெரியும்.

பர்பன் என்று பெயர் சூட்டிக்கொள்ளச் சட்டம் சில நிபந்தனைகளை விதிக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். மீதி வழக்கமாக ரை அல்லது கோதுமையும், கொஞ்சம் முளைகட்டிய பார்லியும். 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் வடிக்கக் கூடாது, 62.5 சதவீதத்துக்கு மேல் பீப்பாயில் இறக்கக் கூடாது. பீப்பாய், உட்புறம் தீயில் கருக்கப்பட்ட புத்தம்புது ஓக் மரத்தாலானது (ஒருமுறை பயன்பட்டவற்றில் பல பிறகு ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறும்). இந்தப் புது மரம்தான் இளம் பர்பனுக்கு வாய்த்த வரம். தீயில் மரத்தின் சர்க்கரைகள் கேரமலாகின்றன. லிக்னின் சிதைந்து வனிலின் உண்டாகிறது. கென்டக்கியின் கடுங்கோடையில் விரிந்து மரத்துக்குள் புகும் திரவம் குளிர்காலத்தில் சுருங்கி வெளியேறுகிறது. ஆகவே நான்கு கோடைகளைக் கண்ட பர்பன், அதே வயதுள்ள ஸ்காட்ச்சைவிட நிறத்திலும் மணத்திலும் முதிர்ந்து தெரியும். வயதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

லேபிளைப் புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்தைப் போலப் படிக்க வேண்டும். 'ஸ்ட்ரெய்ட்' என்றிருந்தால் குறைந்தது இரண்டாண்டு ஊறியது. நான்காண்டுக்குக் குறைவென்றால் வயதை அச்சிட்டே ஆக வேண்டும். வயதே குறிப்பிடாத ஸ்ட்ரெய்ட் பர்பனுக்குக் குறைந்தது நான்கு வயது என்று பொருள். ஓல்டு குரோ தன் மூன்றாண்டைப் புட்டியிலேயே ஒப்புக்கொள்வது இதனால்தான். அந்தப் பெயருக்குரிய ஜேம்ஸ் குரோ ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கென்டக்கி வடிசாலைகளில் வெப்பமானியும் சர்க்கரைமானியும் கொண்டு வேலை செய்து, முந்தைய வடிப்பின் புளித்த எச்சத்தை அடுத்த ஊறலில் சேர்க்கும் முறையை ஒழுங்குபடுத்தியவர், 1856இல் இறந்தார். அவர் பெயர் தாங்கிய விஸ்கி ஒருகாலத்தில் நாட்டின் முன்னணிப் பெயர்களுள் ஒன்று. 1987இல் ஜிம் பீம் நிறுவனத்திடம் வந்த பிறகு அதன் தானியக் கலவையும் பீமினுடையதாயிற்று. பெயர் தங்கி உள்ளடக்கம் மாறிய சிற்றிதழ்களைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

நான் ருசிபார்க்கும் முறை எளியது. ஒரே மாதிரியான நான்கு கோப்பைகள், அடியில் எண்கள். ஊற்றுவது மனைவி, அவர் குடிப்பதில்லை, எது எந்த விலை என்று சொல்வதுமில்லை. கோப்பைக்கு அரை அவுன்ஸ் போதும். மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயைச் சற்றே திறந்து, விளிம்புக்கு மேலாக முகர வேண்டும். இல்லையேல் ஆல்கஹால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். முதல் வாய் கணக்கில் சேராது. அது நாக்குக்குத் தரும் எச்சரிக்கை. இரண்டாவதை மென்று ருசிக்க வேண்டும். பிறகு சில துளி தண்ணீர் விட்டு, மறுபடியும்.

இளம் பர்பனில் முதலில் எழுவது ஒரு பச்சை வாசனை. வேகவைத்த சோளக்கதிர், பச்சை ஆப்பிள், சிலவற்றில் நகப்பூச்சு நெடி. முதல் இரண்டையும் நான் குறையாக எண்ணுவதில்லை. நெடி மட்டும் பத்து நிமிடத்துக்குள் கலைந்துவிட வேண்டும். ஜிம் பீமின் வெள்ளை லேபிளில் வறுத்த வேர்க்கடலையின் மணம் பிசகாமல் இருக்கும். எவன் வில்லியம்ஸின் வெள்ளை லேபிளில் வெல்லப்பாகும் ஆரஞ்சுத் தோலும், பின்னால் கொஞ்சம் கொப்பரையும். மாறாக, சிறு வடிசாலை ஒன்று சின்னப் பீப்பாய்களில் ஓராண்டு ஊறவைத்து அறுபது டாலருக்கு விற்றதில் தச்சுப்பட்டறை மரத்தூளின் மணம்தான் இருந்தது. தானியம் ஒருபுறமும் மரம் ஒருபுறமுமாக, அறிமுகமாகாத இருவர் பேருந்தில் அருகருகே அமர்ந்திருப்பதுபோல. 'மென்மையாக இருக்கிறது' என்று சிலர் பாராட்டுவார்கள். ஒரு நாவலை 'தடங்கலில்லாமல் படிக்க முடிந்தது' என்று பாராட்டுவதைப் போன்றது அது. எனக்குச் சேர்மானம் வேண்டும், முரடாக இருந்தாலும் சரி.

இக்குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுகிறேன், சிரமமும் அங்குதான். நம் நவீன மொழியில் குடிக்குப் போதை உண்டு, கேடு உண்டு, களியாட்டம் உண்டு. ருசி ஏறத்தாழ இல்லை. சங்கப் புலவர்களுக்கு இருந்தது. மூங்கில் குழாயில் இட்டு முதிரவைத்த தேறலை அவர்கள் அறிவார்கள். நாள்பட்ட தேறலின் கடுப்பை ஔவை தேள் கொட்டுக்கு ஒப்பிட்டார். சிறுபாணாற்றுப்படை அதன் வேகத்துக்குச் சினந்த பாம்பைக் கொண்டுவந்தது. நாவில் நிகழ்வதைக் கூர்ந்து கவனித்தவர்களின் உவமைகள் இவை. 50 சதவீதத்தில் புட்டியிலிடப்பட்ட இளம் பர்பனின் முதல் வாய்க்குத் தேள் மிகச் சரி. பாம்பு, விழுங்கிய பிறகு.

என் அப்பா எண்பதுகளில் சாராயம் குடித்தார். கண்ணை இறுக்க மூடி, ஒரே மடக்கு, உடனே நாக்கில் உப்பு. ருசிப்பதற்கான பொருளாக அது இல்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. 1994இல் கல்லீரல் கெட்டு இறந்தார். நான் இப்படி நான்கு கோப்பைகள் வைத்துப் பார்ப்பதைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா, "துப்பிடுவியாப்பா?" என்று கேட்டாள். பாதியைத் துப்பிவிடுவேன் என்றேன். "பாதியா" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

மலிவு என்ற சொல்லை என்னால் இலகுவாகப் புழங்க முடியாததற்கு இது காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் மலிவு விஸ்கி நம்பத்தகாததாக இருந்தது. வெறும் சாராயத்தில் நிறமும் புகையிலையும் சேர்த்து விற்றவர்கள் உண்டு. 1897இன் 'பாட்டில்ட் இன் பாண்ட்' சட்டம் அதற்கு எதிராக வந்தது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசு மேற்பார்வையிலான கிடங்கில் குறைந்தது நான்காண்டு, 50 சதவீதம். கீழ்த்தட்டில் நிற்கும் எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் இன்றும் அந்த வாசகத்தைத் தாங்கியிருக்கிறது. குனிந்து எடுக்கும் கூலித்தொழிலாளிக்கும் அந்த உத்தரவாதம் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கையிலிருந்த காசுக்குக் கிடைத்ததை வாங்கியவர்கள் அவர்கள். அந்த வாரம் நான் கோப்பைகளை எடுக்கவில்லை.

கடைசியாக வைத்துப் பார்த்த நான்கில் எனக்கு உவப்பாக இருந்தது இரண்டாம் எண். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த வெள்ளை லேபிள்தான். மரத்தூள் மணத்தது நான்காவதாக வந்தது. இரண்டாம் எண் புட்டி சமையலறை அலமாரியில், அரிசி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஆறு மாதமாகிறது. தோளுக்குக் கீழே இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது.