எல்லை சுற்றிய பிரார்த்தனை

கோதுமை பச்சை கட்டி வளரும் பருவத்தில் குடியானவனுக்கு வேலை அதிகம் இராது. கவலைதான் மிகுதியாக இருக்கும். ஓர் இரவு உறைபனி விழுந்தால் போயிற்று. இலையிலே செம்புள்ளி கண்டால் போயிற்று. ஐரோப்பாவில் ஏப்ரல் கடைசியும் மே மாதமும் இப்படிப்பட்ட அச்சமான வாரங்கள். கத்தோலிக்கத் திருச்சபை தன் 'மன்றாட்டு நாட்களை' அந்த வாரங்களிலேயே வைத்திருந்தது.

அவை நான்கு நாட்கள். ஏப்ரல் 25-ஆம் தேதி, அர்ச்சியசிஷ்ட மாற்குவின் திருநாளன்று, ஒன்று. பாஸ்குத் திருநாளுக்குப் பின் நாற்பதாம் நாள் வரும் ஆரோகணத் திருநாளுக்கு முந்தின திங்கள், செவ்வாய், புதன் ஆகியவை மற்ற மூன்று. ஊதா அங்கி தரித்த குருவானவரும் சிலுவையும் கொடிகளும் முன்னே செல்ல, புனிதர்களின் பெயர்களை ஒருவர் ஒவ்வொன்றாய் அழைக்க, ஊரார் பதில் கூறிக்கொண்டு வயல் வழியே சுற்றுப்பிரகாரம் போவார்கள். கத்தோலிக்க நண்பர் ஒருவர், தம் பாட்டனார் வைத்திருந்த லத்தீன் ஜெபப் புத்தகத்தைப் பிரித்து இதை எனக்கு விளக்கினார். கேட்கக் கேட்க ஆவல் மிகுந்தது.

ஏப்ரல் 25 திருச்சபை புதிதாகக் கண்ட நாள் அல்ல. பழைய ரோமாபுரியார் அதே தேதியில் ரோபிகஸ் என்னும் தெய்வத்துக்கு நாயைப் பலியிட்டு, கோதுமையைத் துரு நோய் தீண்டாதிருக்க வேண்டிக்கொண்டார்கள். பலி போயிற்று, தெய்வமும் போயிற்று, துரு மட்டும் போகவில்லை! அது ஒரு வகைப் பூஞ்சக்காளான் என்று இன்று நமக்குத் தெரியும். ஆயினும் 1998-ல் உகாண்டாவில் தலைகாட்டிய ஒரு துரு வகை, நோய் தாங்கும் என்று நம்பிப் பயிரிட்ட கோதுமையையே தாக்கி விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது.

மற்ற மூன்று நாட்களின் பிறப்பு வேறு. சுமார் 470-ஆம் ஆண்டில், இன்றைய பிரான்ஸ் தேசத்தின் ரோன் நதிக்கரையிலுள்ள வியேன் நகரைப் பூகம்பமும் தீயும் அலைக்கழித்தன. மேற்றிராணியார் மாமெர்த்துஸ் ஜனங்களைத் திரட்டி மூன்று நாள் உபவாசமும் ஊர்வலமும் நடத்தினார். 511-ல் ஓர்லேயான் நகரில் கூடிய சங்கம் அதை நாடெங்கும் விதித்தபோது, ஜனங்கள் யாவரும் வந்து சேரும்படி அந்நாட்களில் அடிமைகளுக்கும் வேலையிலிருந்து விடுதலை தர வேண்டும் என்று கட்டளையிட்டது. சங்கத்தின் தீர்மானங்களில் என் மனம் நிலைத்து நின்ற இடம் இதுதான். உழுதவனை வயலிலேயே நிறுத்திவிட்டு, உண்பவன் மாத்திரம் விளைச்சலுக்காக வேண்டிக்கொள்வது எப்படித் தகும்?

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ரோமாபுரியோடு உறவை முறித்துக்கொண்டது, ஊர்வலங்களும் தடைப்பட்டன. ஆனால் 1559-ல் எலிசபெத் ராணியின் கட்டளை, எல்லை சுற்றும் இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. காரணம் பக்தி மாத்திரம் அன்று. அந்நாளில் கிராமங்களுக்கு சர்வே படம் ஏது? எல்லை எங்கே என்பது கிழவர்களின் நினைவில் இருந்தது. கிழவர் இறந்தால்? ஆகவே ஊர்வலத்தில் சிறுவர்களையும் அழைத்துச் சென்று, ஒவ்வோர் எல்லைக் கல்லிலும் அவர்களை முட்டவைப்பார்கள். சில இடங்களில் பிரம்படியும் உண்டு. பிறகு காசும் தின்பண்டமும் கொடுப்பார்கள். அடி வாங்கிய இடத்தை எந்தப் பையன் மறப்பான்?

இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்து வரப்பு வழக்கு ஒன்று பதினொரு வருஷம் நடந்தது. பழைய கல் எங்கே நின்றது என்று அறிந்த பெரியவர்கள் இருவர், சாட்சிக் கூண்டு ஏறும் முன்பே காலமாகிவிட்டார்கள். நிலத்தின் விலைக்கு மேல் வக்கீல் செலவு ஆயிற்று. அண்டை வீட்டாரோடு பேச்சு நின்றது நின்றதுதான்.

கவியும் குருவுமான ஜார்ஜ் ஹெர்பர்ட் எழுதி 1652-ல் வெளியான நூல், இந்த ஊர்வலத்துக்கு நான்கு நன்மைகள் கூறுகிறது: விளைவுக்கு ஆசி, எல்லையில் நியாயம், கூடி நடப்பதால் அயலாரோடு சமாதானம், ஏழைக்குத் தானம். இரண்டாவதற்குப் பல்லும் இருந்தது. பொது வழியை மறித்து யாரேனும் வேலி போட்டிருந்தால், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடக்க ஊர்வலத்துக்கு வழக்கத்தால் உரிமை உண்டு.

அந்தப் பல்லைப் பிடுங்கியது பாராளுமன்றம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆயிரக்கணக்கான சட்டங்கள் பிறந்து, ஏழைகள் மாடு மேய்த்த மந்தைவெளிகளைத் தனியார் சொத்தாக்கின. இப்போது வேலிக்குச் சட்டமே காவல்; பிடுங்கப் போனவன் குற்றவாளி! 1836-ஆம் வருஷத்துத் தசமபாகச் சட்டத்தின்பின் கிராமம் கிராமமாகப் படமும் வரைந்தாயிற்று. ஏழையின் மாடு எங்கே மேயும் என்பதை மட்டும் அந்தப் படம் காட்டவில்லை.

1969-ல் ரோமாபுரி தன் திருநாள் முறையைத் திருத்தியபோது, மன்றாட்டு நாட்களை எப்போது, எப்படி அனுசரிப்பது என்பதை அந்தந்த நாட்டு மேற்றிராணிமார்களிடமே விட்டுவிட்டது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரிலோ, ஆரோகணத் திருநாளன்று ஒரு பழைய கோவிலைச் சேர்ந்தவர்கள் இன்றும் கழிகளோடு புறப்படுகிறார்கள். அவர்கள் எல்லையில் இப்போது வயல் இல்லை. கடைகளுக்குள் நுழைந்து, சாமான் வாங்க வந்தவர்கள் விலகி நின்று பார்க்க, எல்லைக் குறிகளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.