தண்ணி பாட்டிலும் சில்வர் ஓக்கும்

அமெரிக்காவுல டிஸ்னி வேர்ல்டுல ஸ்பிளாஷ் மவுண்டன்னு ஒரு தண்ணி ரைடு இருந்துச்சு. மரக்கட்டை மாதிரி படகுல உக்காந்து 50 அடி உசரத்துலேர்ந்து தொபுக்கடீர்னு விழணும். 1992ல வந்தது. கறுப்பின மக்களைத் தப்பா காட்டுதுன்னு எதிர்ப்பு வந்த ஒரு 1946 படத்தை வெச்சு செஞ்சது. 2023 ஜனவரியில மூடிட்டாங்க. 2024ல அதே பள்ளம், அதே வாய்க்கால், ஆனா டியானாங்கற கறுப்பின இளவரசியோட கதையா திறந்தாங்க. மூடுறப்போ சில ரசிகர்கள் அந்தத் தண்ணியை பாட்டில்ல பிடிச்சு ஈபேயில விலைக்குப் போட்டாங்க. லூசுப் பசங்கன்னு விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அப்புறம் ஒருநாள் வாழவந்தியிலிருந்து அப்பா போன். வீட்டு முன்னாடி நிக்கிற சில்வர் ஓக்கை வெட்டப் போறாராம். கூரைப் பக்கமா சாஞ்சிடுச்சாம். வந்துச்சே கோவம்! மிளகுக்கொடி படர்ந்த அந்த மரம் இல்லாம அது நம்ம வீடாப்பான்னு பெங்களூர்ல உக்காந்துகிட்டு கத்தினேன்.

அப்பா பொறுமையா கேட்டுட்டு சொன்னார்: "நீ வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து பாக்குற மரம்டா. காத்தடிக்கிற ராத்திரியெல்லாம் அதுக்குக் கீழ படுக்கிறது நானும் உங்கம்மாவும்."

பதில் சொல்ல முடியல. அந்த ரசிகர்களும் என்னை மாதிரிதான், எப்பவாவது போயிட்டு வர்றவங்க. அந்தக் கதை உறுத்தினவங்களுக்கு அது வெறும் ரைடு இல்லையே.

மரம் போயிடுச்சு. இந்தத் தடவை ஊருக்குப் போனா வாசல்ல சுள்ளுனு வெயில். அம்மா காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்தாங்க. திரும்புறப்போ ஒரு துண்டு மரப்பட்டையை பையில போட்டுட்டு வந்தேன்.

யார்கிட்டயும் சொல்லிடாதீங்க :-)