ஐம்பதிலும் வளையும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும் பேச்சு. யாரைக் குறித்துச் சொல்கிறார்கள் என்பது சுற்றி இருக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் "அது என்னைத்தான்" என்று ஒப்புக்கொண்டவரை நான் இதுவரை கண்டதில்லை. பிடிவாதத்தின் முதல் குணமே இதுதான். அது அடுத்த வீட்டுக்காரரிடம் இருந்தால் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். நம்மிடம் இருந்தால் அதற்கு மானம் என்றும் கொள்கை என்றும் பெயர் சூட்டிவிடுவோம்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆகவே வேதாகமத்தில் படித்ததைக் கொண்டுதான் இதைப் பேசப் போகிறேன். வாசக அன்பர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, வளைய மறுக்கும் உள்ளம் எல்லாருக்கும் பொதுவான சொத்து அல்லவா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். உறுதி வேறு, பிடிவாதம் வேறு. அரசனைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாள் வரை எந்த விண்ணப்பமும் செய்யக் கூடாது என்று சட்டம் வந்தபோது, தானியேல் வழக்கம் போல நாளுக்கு மூன்று வேளையும் தம் கடவுளைத் தொழுதார். சிங்கக் குகையில் போட்டார்கள். அப்போதும் அவர் மாறவில்லை. அது உறுதி. பிள்ளையை எப்படியும் படிக்க வைப்பேன் என்று இருட்டோடு எழுந்து மரம் சீவப் போன நம் தாய்மார்களிடம் இருந்ததும் உறுதிதான். உறுதி ஒரு நல்ல காரியத்துக்காக நிற்கும். பிடிவாதமோ "நான்" என்ற ஒன்றுக்காக மட்டுமே நிற்கும்.

பிடிவாதத்துக்கு வேதாகமம் காட்டும் பெரிய உதாரணம் எகிப்து மன்னன் பார்வோன். அடிமைகளாக இருந்த இஸ்ரவேல் மக்களை அனுப்பிவிடு என்று மோசே வந்து கேட்டார். மன்னன் மறுத்தான். வாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டாவது வாதையில் நாடெங்கும் தவளைகள். படுக்கையிலும் தவளை, அடுப்பிலும் தவளை, மாப் பிசையும் பாத்திரத்திலும் தவளை. மன்னன் மோசேயைக் கூப்பிட்டு, இவற்றைப் போக்கும்படி கடவுளிடம் வேண்டிக்கொள் என்றான். எப்போது போக வேண்டும் என்று மோசே கேட்டார். அவன் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நாளைக்கு"!

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரியவர்களாகிய நாம் சிரிப்பதற்கில்லை. தவளையோடு இன்னொரு இரவு படுத்தாலும் படுப்பேன், இன்றைக்கு இறங்கி வரமாட்டேன் என்பதுதானே நம் வழக்கமும்? தவளைகள் ஒழிந்ததும் மன்னன் மனம் மறுபடியும் இறுகிவிட்டது. துன்பம் வந்தால் கெஞ்சுவதும், நீங்கினால் முறுக்கிக் கொள்வதுமாகப் பத்தாம் வாதை வரை போனான். கடைசியில் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தான்.

இதற்கு நேர் எதிரானவன் சீரியா நாட்டுப் படைத் தலைவன் நாகமான். வீரன், செல்வாக்குள்ளவன், ஆனால் தொழுநோய் பிடித்தவன். அவன் வீட்டில் வேலை செய்த சிறுமி போரில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட இஸ்ரவேல் பெண். தங்கள் நாட்டில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், அவரிடம் போனால் குணமாகும் என்று அவள் எஜமானியிடம் சொன்னாள். நாகமான் பத்துத் தாலந்து வெள்ளியும், ஆறாயிரம் சேக்கல் பொன்னும், பத்து மாற்றுடைகளும் எடுத்துக்கொண்டு தேரில் போய் எலிசாவின் வாசலில் நின்றான். எலிசா வெளியே வரவில்லை. யோர்தான் ஆற்றில் ஏழு தரம் முழுகச் சொல்லி ஆளனுப்பினார்.

நாகமானுக்குக் கோபம் பொங்கிவிட்டது. என்னை நேரில் வந்து பார்க்கக் கூடாதா? எங்கள் தமஸ்குவின் ஆறுகளைவிட இந்த யோர்தான் உசத்தியா? இப்படிச் சொல்லித் தேரைத் திருப்பினான். அப்போது அவனுடைய வேலைக்காரர்கள்தான் அருகில் போனார்கள். கடினமான காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, குளிக்கத்தானே சொன்னார் என்று பணிவாக எடுத்துச் சொன்னார்கள். அவன் இறங்கினான். ஏழு முறை முழுகினான். அவன் உடம்பு சிறு பிள்ளையின் உடம்பு போல ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாகமானை மாற்றியது மன்னரின் ஓலையும் அல்ல, பொன்னும் அல்ல. முதலில் ஓர் அடிமைச் சிறுமி, பிறகு வேலைக்காரர்கள். தன்னைவிடச் சிறியவர் சொன்ன சொல்லுக்குக் காது கொடுத்த அந்த ஒரு நிமிடத்தில்தான் அவனுக்கு விடிவு பிறந்தது. பார்வோனுக்கும் அவன் ஊழியக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். நாடு அழிகிறதே, அந்த மக்களை அனுப்பிவிடுங்கள் என்று மன்றாடினார்கள். அவன் காதில் அது ஏறவில்லை.

இதை நான் என் வீட்டிலேயே கண்டேன். எங்கள் பாட்டி 1986-ஆம் ஆண்டு காலமானார். அவர் வளர்த்த கறவை மாட்டைப் பெரியப்பா, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். பணம் பெரிதல்ல, கேட்கவில்லையே என்பதுதான் அப்பாவின் மனத்தில் தைத்தது. ஆறு ஆண்டுகள் அண்ணன் தம்பி பேசவில்லை. காலையில் பெரட்டில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். மாதம் ஒருமுறை போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். அங்கேயும் ஆளுக்கொரு மூலை. காணிக்கையோடு வந்த இடத்தில் சகோதரன் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், அதைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது அப்பாவுக்கு மனப்பாடம். தெரிந்திருந்தும் கால் நகரவில்லை. "அவர் முதலில் வரட்டும்" என்பார்.

1992-ஆம் ஆண்டு. அப்பாவுக்கு ஐம்பது வயது. அடுத்த நிரையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனுக்கு மரம் சீவக் காட்டிக் கொடுத்தார். "ஆழமா வெட்டாதேடா. காயம் பட்டா பட்டை முண்டு முண்டா வளரும். அப்புறம் அந்த இடத்துல உளி ஓடாது" என்றார். பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "மரத்துக்குக் காயம் படக் கூடாதுன்னு இவ்வளவு பாக்குறீங்க மாமா. பெரிய மாமா விஷயத்துல மட்டும் காயத்த ஆறவே விடலையே" என்றானாம்.

அன்று அப்பா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "நேத்து முளைச்ச பயல் எனக்குப் புத்தி சொல்றான்" என்று குதித்தார். அம்மா பதில் பேசாமல் சோற்றைப் போட்டு வைத்தார். மூன்று நாள் கழித்து, சாயங்காலம், அப்பா உளியைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுப் படியருகே போய் நின்றார். "தீட்டுக்கல் இருக்குமா அண்ணே?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் நல்ல தீட்டுக்கல் இருந்தது. அது பெரியப்பாவுக்கும் தெரியும். அவர் உள்ளே போய்க் கல்லைக் கொண்டுவந்து, "குடு, நானே தீட்டித் தர்றேன்" என்றார். பெரியம்மா கோப்பி கலந்து கொண்டுவந்தார். மாட்டைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

பெரியப்பா 1995-இல் இறந்துபோனார். பாடையின் முன்கொம்பை அப்பாதான் பிடித்தார். "நாளைக்கு" என்று அவர் இன்னும் மூன்று ஆண்டு தள்ளிப் போட்டிருந்தால், அந்தப் பாடையை எந்த முகத்தோடு தூக்கியிருப்பார்?

அடியாத மாடு படியாது என்று சொல்வார்கள். மனித உள்ளம் மாடு அல்ல, அது பால்மரம். ஆழமாக வெட்டினால் முண்டு விழும். முரண்டு பிடிக்கும் பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் திட்டினால் அவன் இன்னும் இறுகிப் போவான். தனியே அழைத்து இரண்டு வார்த்தை சொன்னால் கண் கலங்குவான். வகுப்பறையில் நான் நித்தமும் காண்பது இது. கணவன் மனைவிக்கும், மாமியார் மருமகளுக்கும் இதுவே பொருந்தும். கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இதயத்தைத் தருவதாகத்தான் எசேக்கியேல் தீர்க்கதரிசி மூலம் கடவுள் வாக்குக் கொடுத்தார். கல்லைச் சம்மட்டியால் உடைப்பதாகச் சொல்லவில்லை.

தருவது கடவுளின் வேலை. வாங்கிக் கொள்ளக் கை நீட்டுவது நம் வேலை. அதற்குப் பெரிய மன்னிப்புப் பேச்சு எதுவும் தேவையில்லை. ஒரு தீட்டுக்கல் கேட்டால் போதும், ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினால் போதும். வீட்டில் சின்னவர்கள் ஒரு சொல் சொன்னால், "நீ யார் சொல்ல?" என்று கேட்பதற்கு முன், சொன்னது சரியா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: வளையும். ஆனால் நாளைக்கு அல்ல, இன்றைக்கு.