வயது போனவர்களின் மரதன்

எசன் நகரின் தென்புறத்தே, றூர் நதியை மறித்து 1933ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட பால்டனை ஏரி இருக்கின்றது. அதன் கரையில் 1963இல் தொடங்கிய மரதன் ஓட்டம் ஒக்ரோபர் மாதத்தில் நடைபெறுவது வழக்கம். இவ்வாண்டு அதில் ஓடுவதற்கு எம்மவர் நால்வர் பெயர் பதிந்துள்ளோம். மூத்தவருக்கு வயது 63, இளையவருக்கு 54. ஒருவர் பெண். உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையின் இரவு வேலையிலும் முதியோர் இல்லத்திலுமாக வயதைக் கழித்த எம்முள் எவரும் விளையாட்டு வீரர் அல்லர்.

மரதன் என்ற சொல் எமக்குப் புதிதன்று. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னோடியாக ஊர்ப் பாடசாலைகள் நடத்தும் வீதியோட்டத்தையும் அப்பெயராலேயே அழைத்தோம். ஆயினும் உண்மையான மரதனின் தூரம் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் தூரத்தையும் விட அதிகம்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பவர்கள் பலர். ஹைமில் எம்மோடு ஒரே அறையில் இருந்து, ஒரே சட்டியில் சமைத்துண்ட நண்பர் ஒருவர் தமது 52ஆவது வயதில் மாரடைப்பால் காலமானார். அவரது இறுதிச் சடங்கு முடிந்து திரும்புகையில் எம்முள் மூவரின் சட்டைப் பைகளில் இரத்த அழுத்த மாத்திரைகள் இருந்தன. ஒருவருக்கு நீரிழிவும் இருந்தது. தெற்காசிய மக்களுக்கு உடல் பருக்காத நிலையிலும் நீரிழிவு இளவயதிலேயே வந்துவிடுகின்றது என்பது வைத்தியர்கள் அறிந்த விடயம். கடன் அடைப்பதற்கும் தங்கைமாரைக் கரை சேர்ப்பதற்கும் உழைத்த உடம்பை இதுவரை எவரும் கவனித்ததில்லை. நாமும் கவனிக்கவில்லை, நேரம் ஏது?

முதலில் இருதய வைத்தியரிடம் போய், சைக்கிள் மிதித்தபடி எடுக்கும் ஈ.சி.ஜி. பரிசோதனையை நால்வரும் செய்துகொண்டோம். அதன் பின்னரே சப்பாத்து வாங்கினோம். எமது பயிற்சி முறை இந்த மண்ணிலேயே பிறந்தது. எசனிலிருந்து அதிக தொலைவில் இல்லாத வால்ட்நீல் என்னும் சிற்றூரில் வைத்தியராக இருந்த ஏர்ன்ஸ்ட் வான் ஆகன் (1910–1984), முதியோரும் பெண்களும் நெடுந்தூரம் ஓடலாம் என்று பிறர் நகைத்த காலத்திலேயே வாதாடியவர். 1972இல் ஓடிக்கொண்டிருந்தபோது வாகனம் மோதி இரு கால்களையும் இழந்தார். மறு ஆண்டே அவ்வூரில் பெண்களுக்கென்று தனி மரதனை நடத்தினார். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில் நெடுந்தூரம் ஓடவேண்டும் என்பதே அவரது வழி. பேச்சுக்கு எம்மவரிடம் பஞ்சமில்லை ஆதலால் இது எமக்கு நன்றாகவே பொருந்தியது.

கிழமைக்கு மூன்று நாட்கள் ஓடுகின்றோம். இதயமும் நுரையீரலும் சில மாதங்களில் பழகிவிடுகின்றன. குதிக்கால் தசைநாண் அப்படியன்று. வயது போனவருக்கு அது மெல்லவே வலுப்பெறும். ஆகவே ஞாயிறுகளில் ஓடும் நீண்ட தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டி, நான்காம் கிழமை குறைத்துவிடுகின்றோம். இப்போது 28 கிலோமீற்றரில் நிற்கின்றோம்.

அந்த நீண்ட ஓட்டத்தில் ஆற்றங்கரைப் பாதையைப் பிடித்து ஹற்றிங்கன் வரை போகின்றோம். வழியில் எசனின் எல்லை முடிந்து வேறு மாவட்டம் தொடங்குகின்றது. தஞ்சம் கோரியவர் தமக்குரிய மாவட்டத்தை அனுமதிக் கடதாசி இன்றித் தாண்டக்கூடாது என்ற விதி 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. நாடெங்கும் அது பெரிதும் தளர்ந்தது 2015இல்தான். பக்கத்து ஊரில் நடந்த செத்தவீட்டுக்குப் போகவும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் வாசலில் நின்ற நாட்கள் எமக்கு உண்டு. இன்று அந்த இடத்தில் ஒரு சிறிய பலகை மட்டுமே நிற்கின்றது. முதன்முறை அதைத் தாண்டியபோது, அதுவரை ஓயாமல் பேசிவந்த மூத்தவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

எம்மோடு ஓடும் சகோதரியைப் பற்றி மண்டபங்களில் கதைப்பதும் எம் காதில் விழுகின்றது. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023இல் பிலிப்பைன்ஸ் மூத்தோர் தடகளப் போட்டியில், தமது 72ஆவது வயதில், 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கங்களும் 800 மீற்றரில் வெண்கலமும் வென்றார். அவரது படத்தைக் கைத்தொலைபேசியில் வைத்திருக்கும் எமது சகோதரி, கதைப்பவர்களிடம் அதையே காட்டுகின்றார்.

போட்டிகளில் ஐந்தைந்து வயதாக வகுத்தே வரிசைப்படுத்துகின்றார்கள். 63 வயதினர் 60 முதல் 64 வரையானோருடன்தான் போட்டியிடுவார். முதலிடம் எமக்குக் கிட்டாது. 1973இல் மூடப்பட்ட கார்ல் ஃபுங்க நிலக்கரிச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் ஏரிக்கரையில் இன்றும் நிற்கின்றது. அதைக் கடந்து, நடந்தேனும் முடிவுக்கோட்டைத் தாண்டவேண்டும் என்பதே எமது கணக்கு. எம்மோடு ஓட விரும்புபவர்கள் முதலில் வைத்தியரைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை ஏழு மணிக்கு எசன்-ஹூகல் புகையிரத நிலையத்துக்கு வரலாம். சப்பாத்தை மட்டும் மலிவாக வாங்கவேண்டாம்.