துளையில்லாத குழல்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் கொழுந்துக் காடு முடிகிற இடத்தில் மூங்கில் தொடங்குகிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் முதலாக இங்குள்ள தேயிலைச் சரிவுகளில் தமிழர் உழைப்பு ஊறியிருக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தக் காடுகளில் வாழ்பவர்கள் செமாய், தெமியார் பழங்குடியினர். தோட்டத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் என்னை ஒரு செமாய் கிராமத்துக்கு அழைத்துப் போனார். துளையில்லாத மூங்கிலில் இசை எப்படிப் பிறக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜப்பானின் ஷாகுஹாச்சி என்னும் மூங்கில் குழலில் ஐந்து துளைகள் உண்டு. ஆனாலும் எல்லாத் துளைகளையும் மூடி, ‘ரோ’ என்னும் அடிச்சுரத்தை மட்டும் நெடுநேரம் ஊதுவது அதன் அடிப்படைப் பயிற்சி. துளையே போடாத குழலும் பாடும். இருமுனையும் திறந்த குழலில் மூச்சை முடுக்கினால் சட்ஜமம், மேல் சட்ஜமம், அதற்கு மேலே பஞ்சமம், இன்னொரு சட்ஜமம், காந்தாரம் என்று சுரங்கள் ஏறும். உதடும் மூச்சுமே விரல்களின் வேலையைச் செய்கின்றன.

செமாய்களிடம் மூக்கால் ஊதும் துளைக்குழல் உண்டு. பலர் கூடி இசைக்கும்போது எடுப்பதோ துளையில்லாத மூங்கில். அதை ஊதுவதில்லை, கட்டையின்மேல் குத்தி ஒலிக்கச் செய்கிறார்கள்.

கிராமத்து அம்மா ஒருவரை அண்ணன் ‘மாக் சிக்’ என்று மலாயில் அழைத்துப் பேசினார். அவர் முற்றிய மூங்கிலாகப் பார்த்து, அடிக்கணு மூடியிருக்க, மேல்முனை திறந்திருக்கும்படி பாராங் கத்தியால் வெட்டினார். கட்டையில் ஒருமுறை குத்திக் கேட்டார். வாயோரத்தை மெல்லச் சீவினார். மறுபடி குத்திக் கேட்டார்.

“சீவச் சீவ சத்தம் ஏறும் தம்பி. ஏறினதை இறக்க முடியாதுன்னு சொல்றாங்க,” என்றார் அண்ணன்.

அடி மூடிய குழலின் சுரத்தை நிர்ணயிப்பது அதனுள் அதிரும் காற்றின் நீளம். 85 செ.மீ. குழலில் நொடிக்கு ஏறக்குறைய 100 அதிர்வுகள். அதில் பாதி நீளமென்றால் 200, அதாவது ஒரு ஸ்தாயி மேலே. அந்த அம்மாவிடம் அளவுகோல் இல்லை. காதில் பட்டதைக் கத்தி பின்தொடர்ந்தது.

நெட்டையும் குட்டையுமாக ஆளுக்கு ஒரு ஜோடி. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இடமும் வலமும் மாற்றி மாற்றிக் குத்தியபோது நிலம் அதிர்ந்தது காலில் தெரிந்தது. ‘செவாங்’ என்னும் இரவுச் சடங்கில் ஒருவர் பாட, பெண்கள் அந்த அடியை வாங்கிப் பாடியபடி இந்தத் தாளத்தை நடத்துவார்கள். தெமியார்களிடையே பாடல்கள் கனவில் வந்து சேர்பவை என்பதை மரீனா ரோஸ்மன் 1991இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பகலில் நான் கேட்டது தாளத்தை மட்டுமே.

எனக்கும் ஒரு ஜோடி தந்தார்கள். கையில் இருப்பவை இரண்டே சுரங்கள். அவை எங்கே விழ வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருப்பவரின் குத்துதான் சொல்கிறது. விரல்வித்தை காட்ட இதில் இடமே இல்லை. எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டால்தான் இசை நிற்கும். கும்மியில் கைகள் சேரும்போது நமக்கும் இது தெரியும்.

மூங்கில் காய்ந்து வெடித்தால் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்குக் காடு வேண்டும். கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகள் மொட்டையாகிவருவதை நினைத்தால் மனம் பதறுகிறது. காட்டைக் காப்பதும் இந்த இசையைக் காப்பதும் ஒரே வேலை.

நாம் இவர்களுக்குப் பல தலைமுறையாக அண்டை வீட்டார். இந்த மலையின் தமிழ்ப்பள்ளிகள் செமாய் மூத்த பெண்களை ஆசிரியர்களாக, உரிய மரியாதையும் ஊதியமும் தந்து அழைக்கலாம். பிள்ளைகள் கையில் தலா இரண்டு மூங்கில் இருந்தால் பாடத்தைத் தொடங்கிவிடலாம்.