ஆயா கேட்ட உயரம்

குவிமாடத்தை வெளியே நின்று படமெடுப்பவனுக்கு வானம் துணைக்கு வருகிறது. எங்கே கட்டடம் முடிகிறது என்று அதுவே கோடு கிழித்துக் காட்டிவிடும். உள்ளே போய் அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அப்படி எந்த உதவியும் இல்லை. அவன் எடுக்க விரும்புவது சுவர்கள் வளைத்து வைத்திருக்கும் வெற்றிடத்தை. அதைக் காமிராவுக்குப் புரியவைப்பது எவ்வளவு கடினம் என்பதை மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

1636இல் கட்டப்பட்ட அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதி மட்டுமே. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் காலத்திலேயே பெரும்பகுதி இடிக்கப்பட்டு, பொருட்கள் திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டன. எஞ்சியதில் தலையாயது முற்றத்தின் மேற்கே உள்ள சொர்க்கவிலாசம். தூண்களும் வளைவுகளும் சேர்ந்து கீழே ஒரு சதுரத்தை அமைக்கின்றன. அதன் நான்கு மூலைகளிலும் குறுக்கே வளைவுகளை எறிந்து சதுரத்தை எண்கோணமாக்கியிருக்கிறார்கள். எண்கோணத்துக்கு மேலே வெளிச்சம் வரச் சாளரங்கள். அதற்கும் மேலே எண்கோணம் வட்டமாகி, சுமார் 60 அடி விட்டமுள்ள குவிமாடமாக எழுகிறது. உயரம் எழுபது அடிக்கு மேல். ரோமாபுரியின் பாந்தியன் இதைவிட இரு மடங்குக்கும் அகலமானது. பிஜப்பூரின் கோல்கும்பசும் அப்படித்தான். ஆனால் சதுரம் வட்டமாக மாறும் அந்த இடத்தை இங்கே பார்ப்பதுபோல் நிதானமாக வேறெங்கும் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. (மணிரத்னத்தின் 'பம்பாய்' படப் பாடல் ஒன்றில் இந்தத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் நடனத்தைப் பார்ப்பதா, தூணைப் பார்ப்பதா என்பது உங்கள் பாடு.)

பணி நிமித்தம் மதுரையில் இருந்த நாட்களில் காலை வேளைகளில் அங்கே போவேன். விலாசம் கிழக்கு நோக்கியது. இளவெயில் முற்றத்தில் விழுந்து, தரையிலிருந்து எம்பி, வளைவுகளின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். வெண்சுதையைக் கண்டால் காமிராவின் ஒளிமானி ஏமாந்துபோகும், வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். ஆகவே அது சொல்வதைவிட ஒரு படி கூடுதலாக ஒளி கொடுக்க வேண்டும். முக்காலி கொண்டுபோனதில்லை. மாடத்தின் நடுவுக்கு நேர் கீழே காமிராவை மல்லாக்கப் படுக்கவைத்து, பத்து விநாடித் தாமதம் கொடுத்துவிட்டு விலகி நின்றுகொள்வேன். அப்படிக் கிடைத்த படம் அழகானது. வளையம் வளையமாகப் பூவேலை, சுற்றிலும் எண்கோணம், அப்பழுக்கற்ற சமச்சீர்.

அதைப் பெரிதாக அச்சிட்டுச் சித்தேரிக்கு எடுத்துப்போனேன். அரூரிலிருந்து மலையேறும் பேருந்தில் காகிதம் மடங்காமல் காப்பதே பெரும்பாடு. ஆயா எண்பதைக் கடந்தவள். முட்டிவலியால் மலையிறங்குவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயிற்று. மகாலைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், படத்தை வாங்கி, சாமை புடைக்கும் முறத்தின்மேல் வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தாண்டா இருக்குது. யாரு போட்ட கோலம்?"

"கோலமில்ல ஆயா. மேல் கூரை. அண்ணாந்து பாத்தா இப்படித் தெரியும்."

"அப்படியா? எவ்ளோ ஒசரம்?"

எழுபது அடி என்றேன். நம் புளியமரத்தைவிட உயரம் என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் கண் படத்தில் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னதில் பிழையில்லை. நேர் கீழிருந்து எடுக்கும்போது லென்ஸ் ஆழத்தை முழுவதும் தட்டி மட்டமாக்கிவிடுகிறது. எழுபது அடி உயரமும் கைக்கோலம் அளவுக்கு வந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் லின்னேயஸ் டிரைப்பின் படங்களை வேறு கண்ணோடு பார்த்தேன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த அவர் 1858இல் மதுரைக்கு வந்தார். 1866இல் ஆளுநராக வந்த நேப்பியர் பிரபு இந்த மகாலைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்வதற்கு முந்தைய காலம் அது. சிதிலத்தைச் சிதிலமாகவே பார்க்க முடிந்தது. மெழுகிட்ட காகிதமே அவருடைய எதிர்ப்படிவம். ஒளி அதில் பதிய நெடுநேரம் ஆகும். ஆள் அசைந்தால் புகையாகிவிடுவார். தூண்களும் நிழலும் அவரிடம் அபாரமாகப் பதிந்திருக்கின்றன. இருந்தாலும் ஆளில்லாத கூடத்தைப் பார்க்கிறபோது, அது எழுபது அடியா ஏழடியா என்று கண் தடுமாறத்தான் செய்கிறது. அவருக்குக் கருவி இடம் கொடுக்கவில்லை. எனக்கு அந்தத் தடை இல்லை.

அடுத்த முறை போனபோது நடுவை விட்டுவிட்டேன். தூணொன்றில் முதுகைச் சாய்த்து, சரிவாக மேலே பார்த்து, கீழ்விளிம்பில் தரை கொஞ்சம் தெரியும்படி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள், கலைந்துபோயிற்று. புறாக்கள் பறந்தன, படம் நாட்காட்டிக்குரிய அழகோடு வந்தது, வேண்டாம் என்று விட்டேன். பிறகு நீளத் துடைப்பத்தோடு துப்புரவுப் பணியாளரான ஓர் அம்மாள் வந்தார். எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். சிரித்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். வளைவுக்குக் கீழே, தூணின் அடிப்பீடத்துக்குச் சற்றே மேல்வரை தெரியும் அளவில் அவர் உருவம். அவருக்கு மேலே சாளரங்கள், அவற்றுக்கும் மேலே பாதி இருட்டில் மாடம். சமச்சீர் போயிற்று. பூவேலையும் பாதிதான்.

அந்தப் படத்தை ஆயா வெகுநேரம் வைத்திருந்தாள். விரலை அந்த அம்மாளின் தலையில் வைத்து, தூண் வழியாக மெல்ல மேலே கொண்டுபோனாள். வளைவில் கொஞ்சம் நின்று, சாளரத்தைக் கடந்து, காகிதத்தின் விளிம்பு வரை போனது விரல். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டா, இத்தனையும் இந்தப் புள்ள ஒருத்தியேவா கூட்டறா?"